வேலை தொடங்கும் நாள் எது?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணிகளில் பல, போர் முடிந்த 2009இன் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஊர் திரும்பி வீடு கட்டுவோர், மேசனுடன் எழுதும் ஒப்பந்தத்தில் கூலியையும் அளவையும் கவனிக்கின்றனர். தொடங்கும் நாளைக் கவனிப்பதில்லை.

"120 நாட்களில் வீடு முடித்துத் தரப்படும்" என்பது மட்டும் போதாது. எந்த நாளிலிருந்து 120? கையொப்பமிட்ட நாளா, முற்பணம் கொடுத்த நாளா, அத்திவாரம் வெட்டிய நாளா? இது எழுதப்படாவிட்டால், வேலை பிந்தியது என்று சொல்லவே இடமிருக்காது.

2012இல் வடக்கில் பரவலாகத் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா வேலையின் கட்டங்களுக்கேற்பவே வழங்கப்பட்டது. இத்தகைய உதவியில் வேலை பிந்தினால் அடுத்த பணமும் பிந்தும். அதற்குள் ஐப்பசி பிறந்து மாரி வந்துவிடும். அத்திவாரக் கிடங்கில் வெள்ளம் நிற்கும்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: "முற்பணம் பெற்று, காணி ஒப்படைக்கப்பட்டதிலிருந்து 7 நாட்களுக்குள் வேலை தொடங்கும். தொடங்கிய திகதியை இருவரும் எழுதிக் கையொப்பமிடுவர். அந்த நாளிலிருந்து 120 நாட்கள் கணக்கிடப்படும். தொடங்காவிட்டால் முற்பணம் திருப்பிக் கொடுக்கப்படும்."

நமக்கும் கடமை உண்டு. வளவைத் துப்புரவாக்குவதும், பிரதேச சபையின் அனுமதியைப் பெறுவதும், நாம் ஏற்றுக்கொண்ட கல், மணலை இறக்குவதும் நம் பொறுப்பு. அவை பிந்தினால் மேசனைக் குறைகூற முடியாது. மழையாலோ வேறு காரணத்தாலோ நாள் மாறினால், புதிய திகதியை எழுத்தில் பதியுங்கள். பிரதியொன்று உங்கள் கையிலும் இருக்கட்டும்.