பலாலி ஓடுபாதையைச் சுற்றி இருந்த ஊர்கள் என்ன ஆயின?

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் நீங்கள் லீவுக்கு யாழ்ப்பாணம் போகணும்னு நினைத்தால் வழி சுலபம்: சென்னையில் விமானம் மாறி, பலாலியில் இறங்கலாம். ஆனால், அந்த ஓடுபாதையைச் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் பலர், 1990-ல் விட்டுவந்த வீட்டுக்கு இன்னும் திரும்பவில்லை.

என்ன நடந்தது?

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1990 ஜூனில் புலிகளுக்கும் ராணுவத்துக்கும் மறுபடி போர் மூண்டபோது, மயிலிட்டி, தையிட்டி உள்ளிட்ட வலிகாமம் வடக்கு ஊர்கள் காலியாகின. செம்மண் தோட்டக்காரர்களும் மீனவர்களும் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள். அவர்களது நிலம் 'உயர் பாதுகாப்பு வலயம்' ஆனது. பல குடும்பங்கள் நலன்புரி முகாம்களிலேயே அடுத்த தலைமுறையை வளர்த்தன.

போர் முடிந்ததும் நிலம் கிடைத்ததா?

போர் முடிந்தது 2009-ல். ஆனால் 2013 ஏப்ரலில், ராணுவத் தேவைக்காக 6,381 ஏக்கரைக் கையகப்படுத்த அரசு நோட்டீஸ் ஒட்டியது. உரிமையாளர்கள் 2,000-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். 2015-க்குப் பிறகு நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில், அதாவது 27 வருஷம் கழித்து.

இடைப்பட்ட காலத்தில் ராணுவம் அந்த வலயத்துக்குள் விவசாயம் செய்தது. காங்கேசன்துறையில் 'தல்செவன' என்ற ஹோட்டலும் நடத்தியது. தையிட்டியில் தனியார் நிலத்தில் எழுந்த விகாரையை எதிர்த்து, 2023 முதல் பௌர்ணமிதோறும் போராட்டம் நடக்கிறது.

வேறு எங்காவது இப்படி நடந்திருக்கிறதா?

இங்கிலாந்தின் டைன்ஹாம் கிராமத்தில் 1943 டிசம்பரில் 225 பேர் ராணுவப் பயிற்சிக்காக வெளியேற்றப்பட்டார்கள். திரும்பலாம் என்று நம்பிப் போனவர்களின் நிலத்தை, 1948-ல் அரசே எடுத்துக்கொண்டது. இன்று அங்கே பள்ளிக்கூடமும் தேவாலயமும் காட்சிக்கூடம். குடியிருக்க யாரும் இல்லை.

இது ஏன் முக்கியம்?

டைன்ஹாமுக்கு மிஞ்சியது நினைவு மட்டும்தான். பலாலியில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்கிறார்கள். ஆனால் எல்லைக் கல்லும் வேலியும் போன இடத்தில், 'எங்க கிணறு இங்கதான் இருந்தது' என்று கைகாட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. அவர்களுக்குப் பின், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பது உறுதிப் பத்திரத்தில் உள்ள ஒரு பெயர்தான். தாமதமாகும் ஒவ்வொரு வருஷமும் நிலத்தோடு சேர்த்து சாட்சியையும் இழக்கிறோம்.