கண் சொக்கியும் படுக்காதது ஏன்?

சீனாவின் கணினி நிறுவனங்கள் பலவற்றில் ‘996’ என்றொரு வேலை முறை பரவியிருந்தது. காலை 9 மணிக்கு உள்ளே போனால் இரவு 9 மணிக்குத்தான் வெளியே வர முடியும். வாரத்தில் 6 நாளும் இப்படியே. கூட்டிப் பார்த்தால் 72 மணி நேரம். 2019-ல் பொறியாளர்கள் இணையத்தில் திரண்டு இதை எதிர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச மக்கள் நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்று சொன்னது.

இப்படி உழைத்தவர்கள் வீடு திரும்பி, சாப்பிட்ட கையோடு அடித்துப் போட்டாற்போல் தூங்கியிருக்க வேண்டும். பலர் தூங்கவில்லை. நள்ளிரவு தாண்டியும் தொடர் பார்த்தார்கள், விளையாடினார்கள், போனைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். பகலைப் பறித்துக்கொண்ட வேலையை இப்படிப் பழிவாங்குகிறோம் என்றார்கள் சீன இளைஞர்கள். 2020-ல் அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. எல்லா ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஃப்ளோர் க்ரூஸவும் அவர் குழுவினரும் 2014-லேயே இதை ஆய்வுக்கு எடுத்திருந்தார்கள். குழந்தை அழவில்லை, இரவு ஷிப்டு இல்லை, படுக்கத் தடை எதுவும் இல்லை. இருந்தும் நினைத்த நேரத்துக்குப் படுக்காமல் தள்ளிப்போடுகிறோமே, அதுதான் அவர்கள் கவனித்தது. சுயக்கட்டுப்பாடு குறைந்தவர்களிடம் இது அதிகம் என்று கண்டார்கள். அதை மட்டும் பிடித்துக்கொண்டு, தாமதமாகப் படுப்பவர்களுக்கு ஒழுங்கு போதாது என்று பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அதே நாட்டில் 2019-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, தாமதமாகப் படுப்பவர்களிடமே காரணத்தைக் கேட்டது. நேரம் போனதே தெரியவில்லை என்றார்கள் சிலர். சீக்கிரம் படுத்தால் தூக்கம் வராது என்றார்கள் சிலர். வேறு சிலரோ தெரிந்தேதான் விழித்திருந்தார்கள். நாள் முழுக்க உழைத்த எனக்கு இந்த நேரமாவது வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உழைத்துக் களைத்தவர் எப்படித் தேறுகிறார் என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஜெர்மன் உளவியலாளர் சபீன சோனன்டாக். அவரும் சார்லட் ஃப்ரிட்ஸும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, இதற்கு உதவும் நான்கு அனுபவங்களைச் சொல்கிறது: வேலையிலிருந்து மனம் விலகுவது, இளைப்பாறுவது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, இந்த நேரத்தில் என்ன செய்வதென்று தானே முடிவு செய்வது. நான்காவதுதான் இங்கே முக்கியம். தூக்கம் உடம்பைத் தேற்றலாம். ஆனால் தன் விருப்பப்படி ஒரு மணி நேரம் இருந்தோம் என்ற நிறைவை அது தருவதில்லை. கண்ணை மூடித் திறந்தால் அடுத்த நாள் வேலை வந்து நிற்கிறது.

இதைப் பார்க்கச் சீனா வரை போக வேண்டாம். இரவு பதினொன்றரை மணிக்கு, அடுப்பு மேடையைத் துடைத்து, கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, கேஸை மூடி, கதவைத் தாழிட்டுவிட்டு, விட்டுப்போன சீரியலை ஒலியைக் குறைத்துப் போனில் பார்க்கும் பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். “அம்மா, என் சாக்ஸ் எங்கே?” என்று யாரும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். ஒன்றிய அரசின் 2019-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம்.

இப்படி விழித்திருப்பதற்கு உடம்பும் துணைபோகிறது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, தூக்கத்தின் அழுத்தத்தை ஏற்றுகிறது. அதற்கு எதிராக, மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட உயிர்க் கடிகாரம் நம்மை விழிப்பில் தாங்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடி மிக வலுவாக இருப்பது, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். மாலையில் தள்ளாடியவர் இரவு ஒன்பதரைக்குச் சுறுசுறுப்பாவது இதனால்தான். மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் பாதி, இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். அது அடினோசினை வேலை செய்ய விடாது. போதாக்குறைக்குத் திரை வெளிச்சம். படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அடுத்த நாள் தூக்க ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி தள்ளிப்போனதை அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

இப்படித் தூக்கத்தைக் குறைப்பதற்கான விலை பெரிது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து 14 இரவுகள் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும், ஓரிரு இரவுகள் அறவே தூங்காதவர்கள் அளவுக்குச் சரிந்தன. அவர்களோ தாங்கள் அவ்வளவு மோசமாக இருப்பதாக உணரவே இல்லை. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான்.

போனை வேறு அறையில் வையுங்கள், படுக்கும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள் என்கிறார்கள். தப்பில்லை, செய்யலாம். ஆனால் பகலில் அரை மணி நேரம்கூடத் தனக்கென்று கிடைக்காதவர், அதை இரவில்தான் தேடுவார். பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும், வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவருக்கு இரவு பத்து மணிக்கு அனுப்ப நினைத்த செய்தியைக் காலையில் அனுப்புங்கள். இன்று இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை நீங்கள் கழுவுங்கள்; ஒன்பது மணிக்கே அந்த சீரியலை உங்கள் வீட்டுப் பெண்கள் பார்த்து முடிக்கட்டும்.