மார்கழிச் சூரியனுக்குச் சற்று வலப்பக்கம்

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கிருந்து பூப்பாறை போய் இடப்பக்கம் திரும்பினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறை. நண்பர் தன் பழைய வேனுக்குள் கட்டில், அடுப்பு, சின்ன டி.வி. எல்லாம் பொருத்தியிருந்தார். கூடவே கோவை வீட்டு மாடியிலிருந்து கழற்றிய டிஷ், ஹாலிலிருந்து எடுத்த செட்டாப் பாக்ஸ். மாதச் சந்தாதான் கட்டுகிறோமே, மலையில் உட்கார்ந்து பார்த்தால் என்ன என்பது அவர் கணக்கு.

ஏலத்தோட்டத்து ஓரம், மரநிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். ஒரு மணி நேரம் டிஷ்ஷைத் திருப்பியும் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற வரி போகவே இல்லை. “வேற ஊருக்கு வந்துட்டோம்ல, லாக் பண்ணிட்டான்போல” என்றார் நண்பர். பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த இளைஞர் ஒருவர் சிரித்தார். அந்த வட்டாரத்தில் டிஷ் மாட்டுவதுதான் அவர் வேலையாம். “அண்ணே, சேட்டிலைட்டுக்கு உங்க ஊரெல்லாம் தெரியாது. மேல பாருங்க.” பார்த்தோம். இலை.

அவர் சொன்னதில் முதல் பாதியே பெரிய விஷயம். டி.டி.எச். ஒருவழிப் பாதை. செயற்கைக்கோள் கொட்டிக்கொண்டே இருக்கிறது; கீழே யார், எந்தத் தெருவில் ஏந்துகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. நிகழ்ச்சிகள் பூட்டிய நிலையில் வருகின்றன. ‘இந்த எண்ணுள்ள பெட்டி பணம் கட்டிவிட்டது, இன்னின்ன சேனலைத் திற’ என்ற கட்டளையும் அதே வானத்திலிருந்துதான் இறங்குகிறது. பெட்டி அதைக் கேட்டுத் திறக்கிறது. பல மாதம் அலமாரியில் கிடந்த பெட்டி ரீசார்ஜ் செய்த பிறகும் முரண்டு பிடிப்பது இதனால்தான். கட்டளை வந்த நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால் அடுத்த கட்டளையில் விழித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே உள்ளூர் சேனல்களை ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி குறுகிய கற்றையாக அனுப்புகிறார்கள். வீட்டுப் பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் போனால் ஊர்ச் செய்தி அறுந்துவிடும். வெளியூர் சேனல்களை யாருக்குக் காட்டலாம் என்று விதிக்கும் சட்டத்தில், 1999-இல் பயண வண்டிக்காரர்களுக்கென்றே தனிச் சலுகை சேர்க்க வேண்டியிருந்தது. நம் டி.டி.எச். கற்றை நாடு முழுவதையும் போர்த்துகிறது. கோவைப் பெட்டி லடாக்கிலும் அதே சேனலைக் காட்டும். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் முகவரி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். அது தாளில் உள்ள சிக்கல், வானத்தில் இல்லை.

இனி இலை. செயற்கைக்கோள் இருப்பது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். சன் டைரக்ட்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் 93.5 டிகிரி கிழக்கிலிருந்து வருகின்றன, டாடா பிளே 83 டிகிரியிலிருந்து. சாந்தன்பாறையில் நின்று 93.5-ஐப் பார்க்க அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும், கிட்டத்தட்ட தலைக்கு மேலே. ஆகவே சுற்றிலும் மலை இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த மரம்கூட 4 மீட்டர் தள்ளி நின்றால் போதும். லண்டன்காரர் தம் செயற்கைக்கோளை 25 டிகிரியில் தேட வேண்டும். அதே மரம் அவருக்கு 21 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆனால் ஏலத்துக்கு நிழல் வேண்டும், தோட்டமே மரக்குடையின் கீழ்தான் இருக்கிறது. நமக்குத் தோதான நிழல் டிஷ்ஷுக்குக் கூரை. ஈர இலை இரண்டரை சென்டிமீட்டர் அலையைக் குடித்துவிடும். இதே சாந்தன்பாறை, சின்னக்கானல் பக்கம் திரிந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துக் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி பெரியாறு காட்டில் விட்டபோது, அடர்ந்த காட்டுக்குள் அதன் சிக்னலும் அவ்வப்போது காணாமல் போனது. யானைக்கும் டி.வி.க்கும் ஒரே தொல்லை.

வண்டியை வெட்டவெளிக்கு நகர்த்தினோம். திசைகாட்டியை வண்டியை ஒட்டி வைத்ததால் இரும்பு அதைக் குழப்பியது. இளைஞரிடம் திசைகாட்டி இல்லை. “மார்கழியில சூரியன் உதிக்கிற இடம் தெரியும்ல? அதுக்குக் கொஞ்சம் வலப்பக்கம்.” பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மார்கழி உதயம் இங்கே வடக்கிலிருந்து சுமார் 114 டிகிரி, 93.5-இல் இருக்கும் செயற்கைக்கோள் 121. ஏழு டிகிரிதான் வித்தியாசம். அதுவும் தெரியாவிட்டால் லயத்துக் கூரைகளைப் பார்த்தால் போதும்; அத்தனை டிஷ்ஷும் வரிசையாகத் தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்து நிற்கும். சாய்வில் மட்டும் ஏமாறக்கூடாது. தட்டின் முகம் 45 டிகிரிதான் அண்ணாந்ததாகத் தெரியும். சிக்னலை ஏந்தும் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், டிஷ் உண்மையில் பார்ப்பது அதைவிட இருபது டிகிரிக்கும் மேலே.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் மொத்தமே 3 டிகிரி. ஒன்றரை டிகிரி விலகினால் பாதி பலம் போச்சு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோள் மின்சாரக் கோளாறில் பாதி முடங்கியபோது, சன் டைரக்ட் 91.5 டிகிரியில் உள்ள மலேசியக் கோளுக்கு மாறியது; அந்த இரண்டு டிகிரிக்காக ஊர் ஊராக டிஷ்களைத் திருப்ப வேண்டியிருந்தது. வேனுக்கு வருவோம். ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் நாலு சென்டிமீட்டர் புதைந்தாலே ஒன்றரை டிகிரி சாய்ந்துவிடும். டீ போட ஒருவர் எழுந்தாலும் ஸ்பிரிங் ஆடும். டிஷ்ஷைக் கூரையில் வைக்காமல் முக்காலி போட்டுத் தரையில் நிறுத்துவது அதனால்தான். ஓடும்போதே பார்க்க, கப்பல்களில் இருப்பதுபோல மோட்டாரும் சுழல்காட்டியும் வைத்துத் தானே திரும்பிக்கொள்ளும் ஆன்டெனா வேண்டும். அந்த விலைக்கு இன்னொரு வேன் வாங்கலாம் என்றார் நண்பர், மிகையாகத்தான்.

மின்சாரம் பெரிய பிரச்சினை இல்லை. பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேலும் ஏறும் என்பதால் நடுவில் ஒரு ரெகுலேட்டர் நல்லது. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, இதே இடுக்கியின் வாகமணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்திருக்கிறது. அங்கே பிளக் பாயின்ட்டே கிடைக்கும்.

டிஷ் எப்போதும் இவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. 1975-இல் சைட் என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சித் திட்டத்தில் 2,400 கிராமங்களுக்கு அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 வழியாகத் தொலைக்காட்சி கொண்டுபோனபோது கோழிவலை போர்த்திய 3 மீட்டர் டிஷ் தேவைப்பட்டது. பூமத்திய ரேகைக்கு மேலான இந்த வட்டப்பாதையிலிருந்து ஒலிபரப்பலாம் என்று 1945-இலேயே எழுதிய ஆர்தர் கிளார்க்குக்கும் கொழும்பு வீட்டில் ஓர் ஆன்டெனாவை இஸ்ரோ நிறுவிக் கொடுத்தது. அதை யாரும் வேனில் ஏற்றியிருக்க முடியாது.

ஐப்பசி மாதம். மாலையில் மூடுபனி இறங்கி, பத்தடி தள்ளி நின்ற டிஷ்ஷே மறைந்துவிட்டது. படம் மட்டும் துளி பிசகவில்லை. மூடுபனியின் துளி மயிரிழையைவிட மெல்லியது, அலை அதைச் சட்டை செய்வதில்லை. எட்டு மணிக்கு மழை பிடித்தது. மில்லிமீட்டர் கணக்கில் துளிகள், மேகத்திலிருந்து தரைவரை அடர்த்தியாக. முதலில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன, பிறகு குரல் திக்கியது, பிறகு நீலத் திரை. நண்பர் குடையை எடுத்துக்கொண்டு டிஷ்ஷைத் திருப்பக் கிளம்பினார்.

“தொடாதீங்கண்ணே” என்றார் இளைஞர், கட்டஞ்சாயாவை ஊதிக்கொண்டே. “அது சரியான இடத்துலதான் இருக்கு. மழைதான் நடுவுல நிக்குது.”