மூளைக்குள் ஒரு காவல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

பக்கவாத நோயாளிகளின் கட்டிலருகே ஜெபிக்கச் செல்லும்போது, "ஐயா, செத்துப்போன மூளை திரும்ப வருமா?" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. நான் போதகன், மருத்துவன் அல்ல. நம் டாக்டர்கள் எனக்கு விளக்கியதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டால், இரத்தமே எட்டாத நடுப்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் சில நிமிடங்களில் இறக்கின்றன. அவை திரும்ப வருவதில்லை. ஆனால் சுற்றிலுமுள்ள அணுக்கள் குறைந்த இரத்தத்தோடு மணிக்கணக்காகப் போராடுகின்றன. இறக்கும் அணுக்களிலிருந்து வெளிப்படும் குளூட்டமேட் என்ற பொருள் இவற்றையும் கெடுக்கிறது. சில அணுக்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளவும் தொடங்குகின்றன.

இந்த ஆபத்தில் உதவ, சிருஷ்டிகர் மூளைக்குள்ளேயே ஒரு காவலை வைத்திருக்கிறார். நரம்பணுக்கள் உண்டாக்கும் சிறு புரதத் துண்டுகளாகிய நியூரோபெப்டைடுகள் சில அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் ஒன்று 'பேகேப்'. 1989-இல் செம்மறியாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது, 38 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அணு தன்னை அழித்துக்கொள்ளும் செயலை இது தடுக்கிறது. 1996-இல் வெளியான ஆய்வில், எலிகளின் மூளைக்கு இரத்தம் தடைப்பட்டு ஒரு நாள் கழித்து இதைக் கொடுத்தபோதும், நினைவாற்றலுக்குரிய பகுதியில் அணுக்கள் சாவது குறைந்தது.

ஆயினும் இது இன்னும் பக்கவாதத்திற்கு மருந்தாகவில்லை. இரத்தத்தில் விரைவாகச் சிதைந்துவிடுகிறது; இரத்தக்குழாய்களையும் தளர்த்துகிறது. உடலிலுள்ள இந்தக் காவல் அணுக்களைச் சற்று நேரம் தாங்குமேயன்றி, அடைப்பை நீக்காது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போடவேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக்கசிவு இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும்.

எனவே வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். எண்ணெய் தேய்த்து நேரம் போக்காதீர்கள். உங்கள் சபையிலும் இதை அறிவியுங்கள்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்த நால்வர், கூட்டம் கலையட்டும் என்று நிற்கவில்லை. கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். ஏழை நோயாளியின் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் கொடுக்கிற நீங்களும் அவன் கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கிறீர்கள். தொடர்ந்து ஜெபத்தில் எங்களைத் தாங்குங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்