பால் சொசைட்டியில் நம்பிக்கை எப்படி வருகிறது?

பால் சொசைட்டியில் எல்லோருக்கும் லிட்டருக்கு ஒரே விலை ஏன் கிடைப்பதில்லை? எங்கம்மா ஊத்துற பால் காசுலதான் எனக்கு நோட்டு, பேனா எல்லாம். அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எல்லோர் பாலும் ஒரே கேனில்தான் சேரும். ஒருத்தர் தண்ணி கலந்தா மொத்தக் கேனும் தரம் குறையும். அதனால் கேனில் ஊற்றும் முன்பே ஒவ்வொருவர் பாலையும் சோதிக்க வேண்டும்.

தண்ணீர் கலந்த பாலில் அடர்த்தி குறையும். லாக்டோமீட்டர் அதிகமாக அமிழும். ஆனால் இது மட்டும் போதாது. கொழுப்பு லேசானது. அதை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். பிறகு தண்ணி சேர்த்தால் லாக்டோமீட்டர் பழைய அளவையே காட்டும்! அதனால்தான் கொழுப்பையும் தனியாக அளக்கிறார்கள். கொழுப்பு, மற்ற சத்துகள் இரண்டையும் பார்த்தே விலை.

குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகள், தரகர்கள் தந்த குறைந்த விலையை எதிர்த்து 1946-இல் ஒன்று சேர்ந்தார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் ஆனந்த் நகரில் கூட்டுறவு ஒன்றியம் அமைத்தார்கள். வர்கீஸ் குரியன் 1949-இல் அங்கு வந்தார். அதுதான் அமுல். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் அந்த முறையை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனது.

ஊத்துறவங்க மட்டும் நேர்மையா இருந்தா போதுமா? அளக்கிறவங்களும் நம்ம கண் முன்னால அளக்கணும், அட்டையில எழுதணும், பணம் சொன்ன நாள்ல தரணும். அப்பதான் நம்பிக்கை வரும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பால் அட்டையை எடுத்து, கொழுப்பு அளவை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்!