வாலில்லாக் கன்றின் பால்

2012 அக்டோபரில் ஒரு கன்றுக்குட்டியின் படம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. பெயர் டெய்சி. ஊர், நியூசிலாந்தின் ஹாமில்டன். பின்பக்கம் பார்த்தால் வாலைக் காணோம்! பிறக்கும்போதே இல்லை. ஈ மொய்த்தால் பாவம் என்ன செய்யுமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. விஞ்ஞானிகளுக்கோ அதன் பால் மேல்தான் கண்.

சில குழந்தைகளுக்குப் பசும்பால் ஆகாது. குடித்தால் உடம்பெல்லாம் தடிக்கும், வாந்தி வரும், சிலருக்கு மூச்சு இழுக்கும். முதல் வயதில் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. பலருக்கு வளர வளரச் சரியாகிவிடும். பால் குடித்ததும் வயிறு உப்புகிறது என்று சொல்லும் பெரியவர்கள் கதை வேறு; அவர்களுக்குச் செரிக்காதது பாலிலுள்ள சர்க்கரை. இங்கே வம்பு செய்வது புரதம். கிருமியை அடித்து விரட்ட நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறதல்லவா? அது பால் புரதத்தையும் கிருமி என்று நினைத்துக் கம்பைத் தூக்கிவிடுகிறது.

பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். வெள்ளையாகத் திரளும். அந்தத் திரட்டில் இருக்கும் முக்கியப் புரதம் கேசீன். பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். காய்ச்சாத பாலாக இருந்தால், மிச்சப் புரதங்கள் மேலே நிற்கும் தெளிநீரில் தங்கிவிடும். அவற்றில் அதிகம் இருப்பது பீட்டா லாக்டோகுளோபுலின். 162 மணிகள் கோத்த ஒரு மாலை மாதிரி. தாய்ப்பாலில் இது கிடையவே கிடையாது. குழந்தையின் காவல் படைக்கு அது அந்நிய முகம்.

சரி, இந்த ஒன்றை மட்டும் சுரக்காத மாடு கிடைத்தால்?

ஒரு ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் பலகை. அதில் தோசை, இட்லி என்று எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் சமையற்கட்டுக்குப் பலகை போவதில்லை, சீட்டுதான் போகிறது. சீட்டைப் பார்த்துத்தான் மாஸ்டர் தோசை வார்ப்பார். மாட்டின் செல்லிலும் இதே ஏற்பாடு. மரபணு பலகை, ஆர்.என்.ஏ. சீட்டு, பீட்டா லாக்டோகுளோபுலின் தோசை. ஹாமில்டனில் உள்ள அக்ரிசர்ச் நிறுவனத்து ஆய்வாளர்கள் பலகையில் தோசையை அழிக்கவில்லை. தோசைச் சீட்டு வந்தால் மட்டும் பிடித்துக் கிழித்துப்போட ஒரு குட்டி ஆளைச் செல்லுக்குள் உட்கார வைத்தார்கள். அந்த ஆளின் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ.

முதல் சோதனை எலியிடம் நடந்தது. எலிப்பாலில் இந்தப் புரதம் இல்லையே! அதனால் செம்மறியாட்டின் மரபணுவை எலிக்குக் கொடுத்து, அதைச் சுரக்க வைத்து, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். 96 சதவீதம் குறைந்தது. அடுத்து குளோனிங் முறையில் டெய்சி பிறந்தது. அது வளர்ந்து கன்று போடும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. ஹார்மோன் கொடுத்துக் கொஞ்சம் பால் சுரக்க வைத்தார்கள். தேடித் தேடிப் பார்த்தும் அதில் பீட்டா லாக்டோகுளோபுலின் அகப்படவில்லை.

ஆனால் வேறொன்று அகப்பட்டது. கேசீன் இரண்டு மடங்குக்கும் மேல்! தோசை நின்றால் மாவு என்ன ஆகும்? இட்லியாகிவிடும். மாட்டின் மடியும் அப்படித்தான் கணக்கை நேர் செய்துகொண்டது போலும். சிக்கல் என்னவென்றால், கேசீனே ஆகாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு டெய்சியின் பால் இன்னும் மோசம். வால் இல்லாமல் போனது மரபணு மாற்றத்தால் இருக்காது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2018இல் அதே நிறுவனத்தார் பலகையிலேயே கைவைத்து, மரபணுவில் சிறு துண்டை நீக்கிப் பிறக்க வைத்த மாட்டைப் பற்றி எழுதினார்கள்.

இந்தப் பாலெல்லாம் கடைக்கு வரவில்லை. பால் ஆகாத குழந்தைகளுக்கு இன்று மருத்துவர் எழுதித் தருவது பெரும்பாலும் ஒரு பால்மாவு. அதற்காக மாட்டை மாற்றவில்லை, மாலையைக் கத்தரித்துவிட்டார்கள். நொதிகளை விட்டு, கேசீன் போன்ற புரதத்தைப் பொடிப்பொடியாக நறுக்கினால் காவல் படைக்கு அடையாளம் தெரிவதில்லை. அமெரிக்காவில் 1942இலேயே இப்படி ஒரு மாவு வந்துவிட்டது. எனக்கென்னவோ டெய்சியைவிட இந்த வேலைதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

ஒரே ஒரு குறை, ருசி. புரதத்தை நறுக்கினால் கசக்கும், வாடையும் வரும். பெரியவர்கள் நாக்கில் வைத்தால் முகம் கோணும். ஆனால் பிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வுக்கூடத்தில் கவனித்திருக்கிறார்கள்: பிறந்து முதல் சில மாதங்களுக்குள் கொடுத்துப் பழக்கினால் குழந்தைகள் அதை மடக் மடக்கென்று குடித்துவிடுகின்றன. ஏழெட்டு மாதத்தில் முதல்முறையாகக் கொடுத்தால்தான் தலையைத் திருப்பிக்கொள்கின்றன.