ஆயில் எஞ்சின் ஹெட் பழுதா? புதிது வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்

மின் இணைப்பு இல்லாத கிணறுகளில் ஆயில் எஞ்சினை நம்பிப் பயிர் செய்வோர் இன்றும் உள்ளனர். இவற்றுள் பல மெதுவேக எஞ்சின்கள். இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் 1929-இல் அறிமுகப்படுத்திய சி.எஸ். வகையைப் பார்த்து குஜராத்தின் ராஜ்கோட்டில் தயாரானவையும் இவற்றில் அடங்கும். கதிர் வரும் தருணத்தில் இத்தகைய எஞ்சின் நின்றால், "ஹெட் போய்விட்டது" என்ற ஒரு சொல்லை நம்பிக் கடன் வாங்கிப் புதிய ஹெட் போடுவோர் உண்டு. பழுது வளைவா, விரிசலா, வால்வா என்று அறிந்த பிறகே பணம் செலவிட வேண்டும்.

அறிகுறிகள்

குளிர்விக்கும் நீரில் குமிழி வருதல், எஞ்சின் ஆயில் மோர் போல வெளுத்தல், ஆயில் மட்டம் தானே உயர்தல் ஆகியவை கேஸ்கட் எரிந்ததையோ ஹெட்டில் விரிசல் விழுந்ததையோ காட்டும். கைப்பிடி சுற்றும்போது அழுத்தம் குறைவாக இருந்தால் வால்வு கசியலாம்; பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் இதுவே நேரும்.

கழற்றும் முறை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ஹெட்டைக் கழற்ற வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்துக. பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி சுரண்டாமல், நனைத்து எடுக்கவும். கேஸ்கட்டில் கரிந்த கோடு எங்கே ஓடுகிறதோ, அங்கேதான் அழுத்தம் கசிந்திருக்கிறது.

மட்டம் பார்த்தல்

கரியை நீக்கித் துடைத்தபின், வளையாத இரும்பு ஸ்கேலின் விளிம்பை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என வைத்துப் பார்க்கவும். இடைவெளியில் 0.10 மி.மீ. ஃபீலர் தகடு நுழைந்தால் முகம் வளைந்துள்ளது எனப் பொதுவாகக் கொள்ளலாம். லேத் பட்டறையில் சீவி மட்டமாக்கினால் அதே ஹெட் உழைக்கும். ஆனால் சீவியபின் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். பிஸ்டன் மேல் ஈயக்கம்பி வைத்து, ஹெட்டை முடுக்கி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை எஞ்சின் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். இதை விட்டுவிட்டால் வால்வு பிஸ்டனில் மோதும் அபாயம் உண்டு.

விரிசல் பார்த்தல்

விரிசல் பெரும்பாலும் இரு வால்வு சீட்டுகளுக்கு இடையிலோ, சீட்டுக்கும் இன்ஜெக்டர் துளைக்கும் இடையிலோ விழும். அங்கே மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவவும். விரிசல் இருந்தால் ஈரக்கோடு தெரியும். உள்ளே நீர்ப்பாதையில் உள்ள விரிசல் இதில் தெரியாது. அதற்குப் பட்டறையில் நீர்த்துளைகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லவும்.

வார்ப்பிரும்பை முழுதும் ஒரே சீராகச் சூடேற்றாமல் வெல்டிங் செய்தால், பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். ஆகவே சீட் வரை விரிசல் ஓடியிருந்தால் ஹெட்டை மாற்றுவதே சிக்கனம்.

வால்வு சோதனை

வால்வுகள் மூடியிருக்க, ஹெட்டைச் சாய்த்துக் காற்றுத் துளையிலும் புகைத் துளையிலும் மண்ணெண்ணெய் ஊற்றவும். வால்வு ஓரமாகக் கசிந்தால் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைத்தாலே பெரும்பாலும் போதும். புதிய ஹெட் தேவையில்லை.

காரணத்தை நீக்குங்கள்

ஹெட் வளைவதும் வெடிப்பதும் பெரும்பாலும் சூட்டினால்தான். உப்புநீர் ஓடும் இடங்களில் நீர்ப்பாதையில் படிவு அடைத்துக்கொள்ளும். சூடேறிய எஞ்சினில் திடீரெனக் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் விரிசலுக்கு வழி. படிவை நீக்கி, நீரோட்டம் தடையில்லாமல் இருப்பதை உறுதி செய்யாவிட்டால், புதிதாக வாங்கும் ஹெட்டும் பழையதன் வழியே போகும்.